கீழே கடை, மேலே குடி

கூவக்கரையிலே குடிசை போட்டு வாழ்ந்தவனுக்கு வீடு தந்தோம் என்கின்றனர். தந்தனர், இல்லையென்று எவர் சொன்னது? எட்டடுக்குக் கட்டடம், மின்விளக்கு, கதவுக்குத் தாழ்ப்பாள், எல்லாம் உண்டு. இடம் எது? பெரும்பாக்கம்! 2015 வெள்ளத்திற்குப் பின் ஆற்றோரக் குடும்பங்கள் பல அங்கேதான் கொண்டு சேர்க்கப்பட்டன. அதற்கு முன்பே எழுந்தது கண்ணகி நகர். நீதி கேட்டு நின்றவளின் பெயர் அந்த நகருக்கு. பொருத்தம்தான்!

வீடு வந்தது, வாசலில் இருந்த இட்லிக்கடை போயிற்று. கூரை வந்தது, கூப்பிடு தூரத்துக் கூலிவேலை போயிற்று. பாத்திரம் துலக்கப் பத்து வீடு வைத்திருந்த தாய் இன்று பேருந்துக்குக் காத்து நிற்கிறாள். அவள் குடிசையை மட்டுமா பெயர்த்தார்கள்?

"நகருக்குள் இடம் ஏது?" என்பர். 1961 மே 25 அன்று சிங்கப்பூரில் புக்கிட் ஹோ சுவீ குடிசைப்பகுதி எரிந்தது. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். எரிந்த அந்த மண்ணிலேயே அடுக்குமாடிகள் எழுந்தன. அந்நாட்டு வீடமைப்புக் கழகம் கட்டிய அடுக்குகள் பலவற்றின் காலடியில் கடைகள் உண்டு. நமக்கும் இது புதிதன்று. 1970-இல் பிறந்த குடிசை மாற்று வாரியம் தொடக்க ஆண்டுகளில் குடிசை நின்ற இடத்திலேயே மாடி எழுப்பியது. 2021-இல் அதன் பெயரில் 'வாழ்விடம்' என்ற சொல் ஏறியது. வாழ்வும் இடமும் சேர்ந்த சொல்! சொல்லைப் பிரிக்காதீர் என்றுதான் கேட்கிறோம்.

கடையும் வீடும் கலந்தால் ஒழுங்கு கெடும் என்று நம் தோழர்களிலும் சிலர் பேசக் கேட்டேன். சவுக்கார்பேட்டையிலே கீழே கடை, மேலே குடியென்று தலைமுறைகள் வாழவில்லையா? இரைச்சல் உண்டு, மறுக்கவில்லை. அதற்குத்தான் பொறியாளர் இருக்கிறார். குடியிருப்போருக்குத் தனிப் படிக்கட்டு, அடுப்புப் புகை கூரைக்குமேல் போகக் குழாய், சரக்கு இறங்கப் பின்வாசல். இவற்றை வரைய என்ன மந்திரமா வேண்டும்?

பெருங்கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே, 1952-இல் முடிந்த தம் மார்சேய் மாளிகையில் கடைத்தெருவையே நடுமாடிக்கு ஏற்றினார். அழகுதான்! தெருவில் போகிறவன் கண்ணில் அது படுமா? கடை மண்ணில் நிற்க வேண்டும், தெருவைப் பார்த்து நிற்க வேண்டும்.

வசதி படைத்தோர் கட்டடங்களைப் பாருங்கள். தூண்மேல் மாளிகை, தூணிடையே கார்கள், முன்னே மதில், மதிலுக்கு ஒரு காவலாளி. நான் நாடகம் போடுகிறவன். திரைச்சீலையில் தெரு எழுதினால் கதவுகள் திறப்பதில்லை; அது திரைக்குப் பொருந்தும். உண்மைத் தெருவுக்கும் அப்படியொரு முகமா? இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு அந்த மதிலா துணை, விளக்கெரியும் பெட்டிக்கடையா துணை?

பக்கத்து வீடுகள் இரண்டு மாடியாயிருக்க, தெருவோரம் வானளாவ எழுப்பி அவர்கள் வெயிலையும் காற்றையும் பறிப்பதும் அடாது. முன்பக்கம் தாழட்டும், உயர்வது உள்ளே தள்ளி உயரட்டும். கடைகளோ, அங்கே முன்பு கடை வைத்திருந்தவர்க்கே முதலில் சேர வேண்டும். ஏலத்தில் விட்டால் இட்லிக்காரி எங்கே போவாள்?

உங்கள் வட்டத்தில் பழைய வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்ட வரைபடம் வருமானால், தோழர்களே, தரைத்தளத் தாளை முதலில் கேட்டு வாங்குங்கள். தெருவைப் பார்த்த கதவுகள் எத்தனை என்று எண்ணுங்கள்.