ஆஸ்பத்திரி பில் பாக்கி வைத்தால் சிபில் ஸ்கோர் குறையுமா?

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரியவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி என்று வைத்துக்கொள்வோம். காவிரிப் பாலம் தாண்டி, தில்லைநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ். பில் 1.80 லட்சம் ரூபாய். மகனிடம் இருப்பதோ 60,000. ‘மீதியைக் கட்டலைன்னா சிபில் போயிடும், அப்புறம் வீட்டு லோனே கிடைக்காது’ என்று யாரோ சொல்ல, குடும்பமே கலங்கிப்போகிறது.

இந்தப் பயத்தில் பாதிதான் உண்மை.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நம் நாட்டில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. வங்கிகள், நிதி நிறுவனங்கள், கிரெடிட் கார்டு நிறுவனங்கள் தரும் விவரங்களை வைத்துத்தான் இவை 300 முதல் 900 வரை ஸ்கோர் போடுகின்றன. மருத்துவமனை, கடன் கொடுக்கும் நிறுவனம் இல்லை. அதனால் அங்கே நிற்கும் பாக்கி நேரடியாக உங்கள் ரிப்போர்ட்டில் ஏறாது. பணத்துக்காக மருத்துவமனை சிவில் வழக்கு போடலாம், அது வேறு கதை.

யூடியூபில் வரும் பல எச்சரிக்கைகள் அமெரிக்கக் கதை. அங்கே மருத்துவ பாக்கி, வசூல் ஏஜென்சி வழியாக ரிப்போர்ட்டுக்குப் போகும். 2023 ஏப்ரலில்தான் 500 டாலருக்குக் குறைவான மருத்துவ பாக்கிகளை அங்குள்ள மூன்று பெரிய நிறுவனங்கள் நீக்கின.

நம் ஊரில் சிக்கல் ஆரம்பிப்பது, பில்லை அடைக்கக் கடன் வாங்கும்போதுதான். அந்த மகன் பில்லிங் கவுன்ட்டரிலேயே ‘வட்டியில்லா இ.எம்.ஐ’க்குக் கையெழுத்துப் போடுகிறார். நிதி நிறுவனம் மருத்துவமனைக்குப் பணத்தைக் கட்டிவிடும். அப்பாவின் பில், அந்த நிமிடமே மகன் பெயரில் கடனாகிவிடும். பெர்சனல் லோன், நகைக்கடன், கார்டு எதுவானாலும் இதே கதைதான். தவணை தவறினால் ரிப்போர்ட்டில் ஏறும். எதற்காக வாங்கிய கடன் என்று ஸ்கோர் பார்க்காது. அப்பாவின் உயிரைக் காக்க வாங்கியதும், டிவி வாங்கியதும் அதற்கு ஒன்றுதான்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் கிளெய்ம். கார்டில் தேய்த்துவிட்டு, ‘இன்ஷூரன்ஸ் பணம் வந்ததும் கட்டிக்கலாம்’ என்று இருந்துவிடுவார்கள். கிளெய்ம் தாமதமானாலும் கார்டின் கெடு தேதி காத்திருக்காது. கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் போனால், தாமதம் என்று பதிவு செய்யலாம். பில்லில் தகராறு இருந்தாலும் இ.எம்.ஐ-யை நிறுத்தாதீர்கள். பாதி கட்டி ‘செட்டில்மென்ட்’ செய்தால் ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்றே நிற்கும். அடுத்த லோன் கேட்கும்போது அதுவே இடிக்கும்.

எனவே கையெழுத்துக்கு முன் மருத்துவமனையிடம் தயங்காமல் பேசுங்கள். ஐட்டம் வாரியாக பில் கேளுங்கள். மீதியை இரண்டு, மூன்று தவணையாக நேரடியாகக் கட்ட அனுமதி கேளுங்கள். பணத் தகராறுக்காக நோயாளியைப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமை சாசனம்.

ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். சேர்க்கும்போதே, ‘இங்கே இந்தத் திட்டம் உண்டா?’ என்று கேட்டுவிடுவது நல்லது. புத்தூரில் அரசு மருத்துவமனையும் இருக்கிறது.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டினால் புகார் கொடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால், அதன்பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. புகார் கொடுத்த தேதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.