கோப்புக்கட்டும் தமிழ்ப் பெயர்களும்

மைசூரைச் சேர்ந்த ராமாபுரத்தில் கள ஊழியர் ஒருவர் முதியோரின் பேச்சைப் பதிவு செய்கிறார் எனக் கொள்க. மொழித் தரவு திரட்டும் பணி அவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் மைசூரில் இயங்கி வருகிறது. ஊழியர் தம் கோப்புகளுக்கு ‘ராமாபுரம்-முதியோர்-பேச்சுப்பதிவு-பகுதி-1’ என்றும், அவ்வாறே ‘பகுதி-2’ என்றும் பெயரிடுகிறார். பின்னர் அவற்றை யூனிக்ஸ் வழிக் கணினிகளில் வழங்கும் ‘டார்’ என்னும் கருவியால் ஒரே கட்டாக்கி அனுப்புகிறார். இதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் கட்டைப் பிரிக்கும் இடத்தில் பழைய கருவி இருக்குமாயின், இரு பதிவுகளுள் ஒன்று அழிந்து விடும்.

காரணம் பெயரின் நீளமே. ராமாபுரம் என்பது கண்ணுக்கு ஐந்தெழுத்து; யூனிகோடு முறையில் அது ஒன்பது குறிகள். இன்று பெருவழக்கான யூ.டி.எஃப்-8 அமைப்பில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளுமாதலின், ஊர்ப்பெயர் மட்டுமே 27 பைட்டு ஆகிறது. மேற்கண்ட முழுப்பெயர் 110 பைட்டு. 1979 இல் காந்த நாடாவுக்கென வெளிவந்த டார் பெயருக்கு ஒதுக்கிய இடமோ 100 பைட்டு. 1988 இன் போசிக்ஸ் தரம் கோப்புறைகளின் பெயர்களுக்கென 155 பைட்டு கூட்டித் தந்தது. எனினும் தனிக் கோப்பின் பெயருக்கு அதே 100 தான், அதாவது 33 தமிழ்க் குறிகள். ஆங்கிலப் பெயர்களுக்கு அது தாராளம். இடர்ப்பாடு நம் மொழிகளுக்கே.

ஜிஎன்யூ டார் நீண்ட பெயரைத் தனிப் பதிவாக எழுதி இவ்வரம்பைக் கடக்கிறது. அப்பதிவை அறியாத கருவி முதல் 100 பைட்டையே பெயராகக் கொள்ளும். நூறாவது பைட்டு ‘பகுதி’ என்ற சொல்லின் நடுவே, ஓர் எழுத்தைப் பிளந்து நிற்கிறது. இரு கோப்புகளுக்கும் ஒரே பெயர் அமைய, முதலாவதன்மேல் இரண்டாவது எழுதப்படுகிறது.

இதற்காகப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுமாறு பணிப்பது எளிய வழியாகத் தோன்றலாம். அது நோய்க்கு மருந்தன்று. 2001 இல் ஏற்கப்பட்ட ‘பாக்ஸ்’ அமைப்பு பெயர்களை யூ.டி.எஃப்-8 இல், நீள வரம்பின்றிப் பதிகிறது. ஜிஎன்யூ டாரும் அதனை எழுதவல்லது. ஆனால் கட்டளையில் குறித்துக் கேட்க வேண்டும். ஆகவே, கட்டுகளைப் பெறும் அலுவலகமே அமைப்பு இன்னதென்று எழுத்துமூலம் விதித்து, தன் கருவியையும் அதற்கேற்பப் புதுப்பித்தல் வேண்டும். இப்பொறுப்பைக் கள ஊழியர்மேல் சுமத்துவது முறையன்று.

ஊழியர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒலிப்பதிவுக் கருவியின் அட்டையை அழிக்குமுன், கட்டினை மற்றொரு கணினியில் பிரித்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் மூலத்துடன் ஒப்பிட வேண்டும். கட்டின் பட்டியலை மட்டும் பார்த்து அமைதல் போதாது. பட்டியலில் இரண்டு வரிகள் தெரியும், வட்டில் ஒரு கோப்பே இருக்கும்.