தொழிலாளிகளுக்குக் கட்டின “கோட்டை”

கோபுரத்தையும் அரண்மனையையும் புராதனச் சின்னமென்று சொல்லிச் சட்டம் போட்டுக் காப்பாற்றுவது எல்லாத் தேசத்துச் சர்க்காருக்கும் வழக்கம். அவை யார் பணத்தில் எழும்பின, உள்ளே யார் சுகப்பட்டார்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது! ஆனால் ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் அவ்விதம் காக்கப்பட்டுவரும் ஒரு கட்டிடத்தைப் பற்றி இவ்விரண்டு கேள்விகளையும் தாராளமாகக் கேட்கலாம். கார்ல் மார்க்ஸ் ஹோப் என்பது அதன் பெயர். 1927-ல் தொடங்கி 1930-ல் திறக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கட்டியபோது 1,382 வீடுகள். அவ்வளவும் தொழிலாளிகளுக்கே.

முதல் மகாயுத்தத்துக்கு முந்திய வியன்னாவில் ஏழைகள் வாழ்ந்த லட்சணம் என்ன? தண்ணீர்க் குழாயும் கக்கூசும் தாழ்வாரத்தில் பல குடும்பங்களுக்குப் பொது. அறைக்கு வாடகை கொடுக்க முடியாதவன் ஒரு படுக்கையை மட்டும் சில மணி நேரத்துக்கு வாடகை பேசித் தூங்கினான். க்ஷயரோகத்துக்கு “வியன்னா வியாதி” என்றே பெயர் வந்துவிட்டது.

யுத்தத்துக்குப் பின் நகரசபை சமூக ஜனநாயகக் கட்சியார் கைக்கு வந்தது. அவர்கள் இதைத் தலைவிதி என்று விட்டுவிடவில்லை, வரி போட்டார்கள். நிதிப் பொறுப்பிலிருந்த ஹ்யூகோ பிரைட்னர் 1923-ல் வீடு கட்டுவதற்கென்றே ஒரு வரி கொண்டுவந்தார். சின்ன வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்கு ஏற ஏற அதிகம். வீட்டு வேலைக்காரர்களுக்கு வரி, மோட்டாருக்கு வரி, பந்தயக் குதிரைக்கும் வரி! பணக்காரர்கள் கூச்சலிட்டதில் ஆச்சரியமென்ன? 1934-க்குள் நகரமெங்கும் 60,000-க்கு மேற்பட்ட வீடுகள் எழும்பிவிட்டன.

இந்தக் கட்டிடத்துக்குத் திட்டம் போட்டவர் நகரசபையின் உத்தியோகஸ்தரான கார்ல் ஏன். மனையில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவாகவே கட்டி, மற்றதை முற்றமும் தோட்டமுமாக விட்டார். வீடுகள் சிறியவைதான், எனினும் ஒவ்வொன்றுக்குள்ளும் தண்ணீரும் கக்கூசும் உண்டு. பொதுவில் ஸ்நான அறைகள், குழந்தைப் பள்ளிகள், வாசகசாலை, பல் வைத்தியசாலை. நடுவே பெரிய வளைவு வாசல்கள்; அவற்றின்மேல் நான்கு உருவங்கள். எந்தச் சாமிகளோ என்று நினைக்கவேண்டாம். சுதந்திரம், ஜன க்ஷேமம், அறிவு விளக்கம், தேகப்பயிற்சி என்பவையே அவை. அவற்றுக்குத் தேங்காய் உடைப்பாருமில்லை, தட்டு நீட்டுவாருமில்லை.

நிற்க, குறையையும் சொல்லத்தான் வேண்டும். யந்திரம் வைத்துப் பெரிய சலவைக்கூடங்கள் கட்டினவர்கள், துவைப்பது பெண்ணின் வேலை என்ற பழைய எண்ணத்தை மட்டும் வெளுக்காமல் விட்டார்கள்.

எதிரிகளுக்கோ இது வீடாகவே தோன்றவில்லை, கோட்டை என்றார்கள். 1934 பிப்ரவரியில் தொழிலாளிகள் எதிர்த்து நின்றபோது, கத்தோலிக்க மதபீடத்தின் ஆதரவு பெற்ற டோல்பஸ் சர்க்கார் பெண்டு பிள்ளைகள் குடியிருந்த இவ்வீடுகள் மீது பீரங்கியால் சுட்டது. “அயலானை நேசி” என்ற உபதேசம் அப்போது எங்கே போயிற்றோ! பிறகு கட்டிடத்தின் பெயரையும் மாற்றினார்கள். 1938-ல் நாஜிகள் வந்து யூதக் குடும்பங்களைத் துரத்தினார்கள். 1945-ல்தான் பழைய பெயர் திரும்பிற்று.

இப்போது சட்டம் காப்பது எதை என்பதே நமது கேள்வி. லண்டனில் 1967-ல் பொதுப்பணத்தில் கட்டின பால்பிரன் டவர் என்ற குடியிருப்பு 1996-ல் பாதுகாப்புப் பட்டியலில் ஏறிற்று. சுவர் பத்திரமாயிருக்கின்றது, ஏழைக் குடிகளைக் காலி செய்து, வீடுகளைப் பணமுள்ளவர்களுக்கு விலை பேசினார்கள். வியன்னாவிலோ 1989 முதல் 1992 வரை கார்ல் மார்க்ஸ் ஹோப் முழுவதையும் புதுப்பித்தும், வீடுகளை நகரசபை விற்கவில்லை. இன்றும் அங்கே குடிகள் நகரசபைக்குத்தான் வாடகை கட்டி வருகின்றார்கள்.