மழைக்காலமும் பலகைத் தரையும்



தீபாவளிக்கு வீட்டைக் கழுவித் துடைத்து, புது பிளாஸ்டிக் விரிப்பும் வாங்கிப் போட்டிருப்பீர்கள். பார்க்க அழகுதான். ஆனால் அடுத்து வருவது வடகிழக்குப் பருவமழை. நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கும் இந்த மழைக்காலத்தில்தான் பழைய தோட்டத்து வீடுகளிலும் கம்பத்து வீடுகளிலும் பலகைத் தரை கெட்டுப்போகிறது.

பனி விழும் நாடுகளில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதால் காற்று வறண்டு, பலகை சுருங்கி இடுக்கு விழும். நமக்கு நேர்மாறு. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பலகை உப்புகிறது. மரம் நீளவாக்கில் அதிகம் நீளாது; அகலவாக்கில்தான் விரியும். அதனால் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி, விளிம்பு தூக்கி, ஆணியையும் மேலே தள்ளும். வெயில் காலத்தில் தெரியும் இடுக்கைப் புட்டி வைத்து இறுக அடைத்துவிடாதீர்கள். பலகை விரிவதற்கு அந்த இடம் வேண்டும்.

உப்பிய பலகை காய்ந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். காயாமல் கிடந்தால்தான் ஆபத்து. மரத்திலுள்ள ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூசணம் பிடிக்காது. அதைத் தாண்டி நெடுநாள் நின்றால் பிடித்துக்கொள்ளும். வெட்டிப் போட்ட ரப்பர் மரம் சில நாள் மழையிலேயே கருத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். கெம்பாஸ் பலகை கனமும் உறுதியும் உள்ளது. ஆனாலும் கரையான் அதை விடுவதில்லை.

ஷீட் ரப்பரை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தா காயவைக்கிறோம்? காற்றுப் போக இடம் விட்டுத்தானே தொங்கவிடுகிறோம்? தரைக்கும் அதே முறைதான். கால் வைத்த வீடானால் அடியில் விறகு, சாக்கு, பழைய தகரம் எதையும் அடைத்து வைக்காதீர்கள். வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டிவிடுங்கள். தூண்களில் மண் கோடு ஏறியிருந்தால் கரையான் வந்துவிட்டது என்று பொருள். தோட்டத்து மருந்தைக் கொண்டுவந்து வீட்டில் தெளிக்காதீர்கள். அந்தத் தரையில்தான் பிள்ளை தவழ்கிறது. விவரம் அறிந்தவரை அழையுங்கள்.

தரையில் வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவ வேண்டாம். நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடியும் துடையுங்கள். பிளாஸ்டிக் விரிப்பின் அடியில் ஈரம் அடைபட்டுக் கிடக்கும். வெயில் அடிக்கும் நாளில், வாரம் ஒரு முறையாவது, அதைச் சுருட்டி வைத்துத் தரைக்குக் காற்றுக் காட்டுங்கள்.

என் மாணவன் ஒருவனின் பாட்டி சமையற்கட்டு வாசலில் கால் வைத்தபோது பலகை உடைந்து முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. மேலே பூப்போட்ட விரிப்பு. அடியில் பலகை பஞ்சாக இற்றுப்போயிருந்தது. பல மாதம் அந்த அம்மாள் எழுந்து நடக்கவில்லை. ஆகவே கூரை ஒழுகும் இடத்திலும், குளியலறை, சமையற்கட்டு ஓரங்களிலும் விரிப்பைத் தூக்கிவிட்டு, திருப்புளி முனையால் பலகையை அழுத்திப் பாருங்கள். முனை சுலபமாக உள்ளே இறங்கினால் அந்தப் பலகையை மாற்றியே ஆக வேண்டும்.

2014 டிசம்பரில் கிளந்தானிலும் பகாங்கிலும், 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் வந்ததுபோல் வெள்ளம் புகுந்துவிட்டால், சேற்றைக் கழுவி, சன்னல்களைத் திறந்து வைத்து, பலகை முற்றும் காய்ந்த பிறகே விரிப்புப் போடுங்கள். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம்.

வீடு தோட்டத்துடையது என்றால், அதைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை. தொழிலாளர் குடியிருப்புக்கென்றே 1990ஆம் ஆண்டின் சட்டம் 446 இருக்கிறது. வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வராதீர்கள்; தேதியிட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, மழை வலுப்பதற்குள், வீட்டுக்கு அடியில் ஒரு முறை குனிந்து பாருங்கள்.