தளத்தின் சாவி யாரிடம்?

சங்கத்தின் இணையதளத்தில் ஒரு தொலைபேசி எண்ணை மாற்ற, நாம் ஏன் இன்னொருவர் வாசலில் காத்து நிற்க வேண்டும்? தளம் அமைத்துத் தந்தவர் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கூலி கேட்கிறார். பிள்ளைகளின் உதவித்தொகை அறிவிப்போ கடைசி நாள் கழிந்த பிறகுதான் ஏறுகிறது!

வேர்ட்பிரஸ் என்றொரு மென்பொருள் உண்டு, தோழர்களே. 2003-இல் வலைப்பதிவு எழுதுவதற்கென்று வந்தது. அதனாலேயே, "அது நாட்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு" என்று சிலர் ஒதுக்குகிறார்கள். 2005-லேயே அதில் நிலையான பக்கங்களுக்கு வழி செய்துவிட்டார்கள். அன்றாடச் செய்தி தேதிவாரியாகப் பதிவில் போகும். சங்க விதிகள், உறுப்பினர் படிவம், அலுவலக முகவரி ஆகியவை பக்கங்களில் நிலையாக நிற்கும். முகப்பில் எது தெரிய வேண்டுமென்பதையும் நாமே குறிக்கலாம். பேரேடு எழுதிப் பழகிய கைக்கு இது கம்பசூத்திரமல்ல.

மென்பொருளுக்கு விலையில்லை. தளம் இருக்கும் இடத்துக்கு வாடகையும் பெயர்ப் பதிவுக் கட்டணமுமே செலவு. ஆனால் அந்தப் பதிவு தனிமனிதர் பெயரில் இருக்கக் கூடாது. சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். ஒரே கடவுச்சொல்லை எல்லாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். எழுதுவோருக்கும் திருத்துவோருக்கும் தனித்தனி உரிமை தர அதிலேயே வசதி உண்டு. மாதமொரு நகல் எடுத்து வைப்பது செயலாளர் பொறுப்பு.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக முன்வைக்கிறோம்.