இரக்கப்பட்டு வாங்காதீர்கள்

கைத்தொழிலுக்கு நம் நாட்டில் இரண்டு பகைவர்கள் உண்டு. ஒருவர், "பத்து ரூபாய்ப் பால்பாயிண்ட் பேனா எழுதாததையா உன் கடைசல் பேனா எழுதிவிடப் போகிறது?" என்று கேட்பவர். அவரால் பெரிய ஆபத்து இல்லை. அவர் வாங்கப் போவதில்லை, அவ்வளவுதான். மற்றவர், "ஐயோ பாவம், கைத்தொழிலாயிற்றே!" என்று உச்சுக்கொட்டிக்கொண்டு கண்காட்சியில் ஒரு பேனாவை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவர். என் வழக்கு இந்த இரண்டாமவரோடுதான்.

கடைசல் பேனா என்று நான் சொல்வது, தடியை லேத்தில் பூட்டி ஒவ்வொன்றாகக் கடைந்தெடுக்கும் பவுண்டன் பேனாவை. முன்பெல்லாம் அதை எபோனைட்டில் செய்தார்கள். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வேகவைத்துக் கல்லாக இறுகச் செய்த பொருள் அது. கடையும்போது கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். வெயிலில் கிடந்தால் கறுப்பு நாளடைவில் பழுப்பாகும். இப்போது அக்ரிலிக்கும் சேர்ந்துகொண்டிருக்கிறது. கண்ணாடிக்கு மாற்றாக 1933-இல் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்ற ரசாயன நிபுணர் விற்பனைக்குக் கொண்டுவந்த பிளாஸ்டிக் இனம் அது. திருவள்ளூரில் 1970 முதல் பேனா கடைந்துவரும் ரங்கா பட்டறையில் இரண்டு பொருளிலும் செய்கிறார்கள்.

அக்ரிலிக் பார்வைக்குச் சாது. லேத்தில் ஏறினால் முரடு. சூடு அதற்கு ஆகாது. ஏறத்தாழ நூறு டிகிரியில் இளகத் தொடங்கிவிடும். துளை போடுகிறவர் அவசரப்பட்டு ஒரே மூச்சில் டிரில்லை இறக்கினால், சீவல் உருகி உள்சுவரில் அப்பிக்கொள்ளும். தடி விரிசல் விட்டாலும் விடும். கொஞ்சம் இறக்கி, வெளியே இழுத்து, சீவலைத் தட்டிவிட்டு, மறுபடியும் இறக்கவேண்டும். இப்படிப் பல தரம். பிறகு மூடிக்கும் உடலுக்கும் கழுத்துக்கும் மரை வெட்டவேண்டும். மரை ஆழமாகப் போய்விட்டால் சுவர் மெலிந்து ஒருநாள் முறியும். மேலோடு நின்றுவிட்டால் மூடி பிடிக்காது. வெளிப்புறத்தைக் கடைந்து வளைவு கொடுத்த பிறகுதான் மெருகு வேலை. தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்ப்பார்கள். முந்தின தாள் போட்ட கீறலைப் பிந்தின தாள் அடியோடு அழித்த பிறகே அதைவிட நைசான தாளை எடுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில், சுற்றுகிற துணிச் சக்கரத்தில் பாலீஷ் தடவிப் பிடிக்கிறார்கள். பளபளவென்று பேனா வெளியே வருகிறது.

இத்தனையிலும் வாங்குகிறவர் கண்ணில் படுவது அந்தக் கடைசிப் பளபளப்பு ஒன்றுதான். கோளாறே அங்கேதான் ஆரம்பிக்கிறது. துணிச் சக்கரம் யோக்கியனுக்கும் உழைக்கும், சோம்பேறிக்கும் உழைக்கும். உள்ளே துளை ஒருபுறம் சாய்ந்திருக்கலாம். அதன் மேலும் மினுமினுப்பு ஏறும். மூடியைத் திருகினால் கரகரக்கிறது. ஏன் என்று கேட்டால், "கைவேலை என்றால் அப்படித்தான் ஸார் இருக்கும், அதுதான் அதன் அழகு" என்று பதில் வருகிறது. நம்மவரும் பெரிய கலா ரசிகர் மாதிரி தலையை ஆட்டுகிறார். மனிதனை "மரை கழன்றவன்" என்று ஏசத் தெரிந்த நமக்கு, மரை சரியில்லாத பேனாவைத் திருப்பிக் கொடுக்கத் தெரியவில்லை.

சேலம், நாமக்கல் சீமையில் லேத்துக்குப் பஞ்சமா? நாமக்கல்லில் லாரிகளுக்கும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கும் வேலை செய்யும் பட்டறைகளைப் போய்ப் பாருங்கள். லாரிக்காரர் ஒரு புஷ் கடையக் கொடுக்கிறார். வாங்கும்போது அதைக் கையில் உருட்டுகிறார், விரலை விட்டுத் தடவுகிறார், தண்டில் மாட்டிப் பார்க்கிறார். மயிரிழை பிசகினாலும் "இந்தாப்பா, நீயே வெச்சுக்க" என்று போட்டுவிட்டுப் போகிறார். கடைசல்காரர் மேல் அவருக்கு இரக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. ஆனால் வேலை சுத்தமாக இருந்தால் அடுத்த மாதமும் அதே பட்டறையைத் தேடி வருவார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கும் அம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். திருகு சரியாக உட்காராவிட்டால், "கைவேலைதானே, போகட்டும்" என்று விட்டுவிடுவாளா? அந்தக் கண்டிப்புத்தான் இந்த ஊர்களில் தொழிலை நிமிர்த்தி வைத்திருக்கிறது. பேனா கடைய இங்கே கை இல்லாமலில்லை. கேள்வி கேட்டு வாங்குகிற ஆள்தான் குறைவு.

இதே சீமையில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில், 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். நூற்ற கைகளுக்குக் கதர் கூலி கொடுத்தது. அந்தப் புண்ணியத்தை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் கதரைக் கடமைக்கு வாங்கிப் பெட்டியில் வைத்து, கூட்டத்தன்று மட்டும் எடுத்து உடுத்திய கனவான்களையும் நாடு பார்த்திருக்கிறது. காந்திஜி அந்த ரகம் அல்ல. ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் சுதேசிப் பேனா ஒன்று செய்தார். தஞ்சாவூரில் பிறந்தவரான ஜே. சி. குமரப்பாவின் மூலம் அது காந்திஜியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1935-இல் ரத்னத்துக்கு எழுதிய பதிலில், பேனாவை உபயோகித்துப் பார்த்ததாகவும், கடைவீதியில் கிடைக்கும் அந்நியப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுவதாகவும் காந்திஜி தெரிவித்தார். வரிசையைக் கவனியுங்கள். முதலில் எழுதிப் பார்த்தார். அபிப்பிராயம் பிறகு வந்தது. சுதேசி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சர்டிபிகேட் எழுதிவிடவில்லை.

"ஏழைத் தொழிலாளியிடமா இத்தனை கறார்? அவன் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவன் பிழைக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். சாத்தூர் நிப்பு என்று ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரியும். பால்பாயிண்ட் வந்து அந்தத் தொழில் நலிந்தபோது இரங்கியவர்கள் ஏராளம். இரக்கத்தால் அது மீளவில்லை. இரக்கப்படுகிறவர் ஒரு தரம் வாங்குவார். அதோடு அவர் மனச்சாட்சிக்கு ஓய்வு. அதைவிடப் பெரிய தீங்கு வேறு. பத்துத் தரம் டிரில்லை வெளியே இழுத்துச் சீவலைத் தட்டியவருக்கும், இரண்டே தரத்தில் முடித்தவருக்கும் அவர் ஒரே விலையைக் கொடுக்கிறார். பொறுமையாக வேலை செய்கிறவர் நாளுக்குக் குறைந்த பேனாதான் கடைய முடியும். அவர் எத்தனை நாள் தாக்குப் பிடிப்பார்? நம் இரக்கம் நல்ல வேலைக்காரரை முதலில் பட்டினி போடுகிறது.

ஆகவே, அடுத்த தரம் கடைசல் பேனா வாங்கப் போனால் பளபளப்பைச் சற்று மறந்துவிடுங்கள். மூடியைக் கழற்றி மாட்டுங்கள். தொட்டவுடன் மரை பிடிக்கிறதா, இடறாமல் போய் நிற்கிறதா என்று பாருங்கள். மூடியும் உடலும் சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். கழுத்தைக் கழற்றி உள்ளே எட்டிப் பாருங்கள். கண்ணாடி போன்ற அக்ரிலிக் என்றால் இன்னும் சௌகரியம். உள்சுவரை மெருகிடாமல் விட்டிருந்தால் அது புகை படிந்தாற்போலத் தெரியும், மறைக்க வழியில்லை. மை ஊற்றி நாலு வரி எழுதுங்கள். மூடி ஓர் இரவு வைத்து, காலையில் முதல் எழுத்திலேயே மை வருகிறதா என்று பாருங்கள்.

தேறிவிட்டால், கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அந்த விலையில் அவருடைய பொறுமைக்கும் கூலி இருக்கிறது. அலமாரியில் வைக்காமல் சட்டைப்பையில் குத்திக்கொண்டு தினமும் எழுதுங்கள். ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைக்காதீர்கள், அக்ரிலிக் வெடிப்பு விடும். தேறாவிட்டால் காரணத்தைச் சொல்லி, மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள். லாரிக்காரர் புஷ் கடைந்தவருக்குச் செய்கிற மரியாதையைப் பேனா கடைந்தவருக்கு நாமும் செய்துவிட்டுப் போவோமே!