வாசிப்புக்கு ஒரு நாள் போதுமா?

மும்பை:

அக்டோபர் 15, மறைந்த முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் பிறந்த நாள். 2015 முதல் மராட்டிய அரசு அந்நாளை 'வாசிப்பு ஊக்க நாள்' என்று பள்ளிகளில் கொண்டாடி வருகிறது. ராமேசுவரத்தில் சிறுவயதில் வீடு வீடாகப் பத்திரிகை போட்டவரின் பெயரால் இப்படி ஒரு நாள் அமைந்தது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால், மறுநாளே புத்தகங்கள் பீரோவுக்குள் போய்ப் பூட்டு விழுந்தால் என்ன பயன்?

இப்படிக் கேட்கக் காரணம் உண்டு. 2023-ல் 'அசர்' ஆய்வுக் குழுவினர் 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களின் கிராமப்புறங்களுக்குச் சென்று, 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களைச் சோதித்தனர். அவர்களில் சுமார் 25 சதவீதம் பேரால் தங்கள் மாநில மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக்கூடத் தடங்கலின்றி வாசிக்க முடியவில்லை. இந்த வயதிலும் எழுத்துக் கூட்டிப் படித்தால் சரித்திரமும் விஞ்ஞானமும் மண்டையில் ஏறுவது எப்படி?

கட்டாயம் உதவாது

பாடப் புத்தகம் கட்டாயம். அதற்கு மார்க் உண்டு, பரீட்சை உண்டு. வாசிப்பு வகுப்பு அப்படி இருக்கலாகாது. விரும்பியவர் வரலாம், பிடித்த புத்தகத்தை எடுக்கலாம், பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிட்டு வேறு எடுக்கலாம். இதுதான் முறை.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் இதை நல்ல எண்ணத்தோடுதான் ஆரம்பித்தார்கள். ஆனால், படித்த ஒவ்வொரு கதைக்கும் ஒரு பக்கம் சுருக்கம் எழுத வேண்டும் என்றார்கள். எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மையில் சுழி. சில வாரங்களிலேயே பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

இன்னொரு சங்கடம் வெட்கம். மீசை அரும்பும் பையனிடம் காக்கா நரிக் கதையைக் கொடுத்தால் வாங்க மாட்டான். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சிறு நூல்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாகப் பிரித்தார்கள். வகுப்பு எண்ணைப் பாராமல், பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்கும் ஏற்பாடு இது. மற்ற மாநிலங்களும் கவனிக்க வேண்டியது.

நம் பிள்ளைகள் நிலை

நான் வேலை பார்க்கும் ரயில்வே கவுண்டருக்கு ஒரு பாட்டியும் பேரனும் வந்தார்கள். பையன் முன்பதிவுப் படிவத்தை ஆங்கிலத்தில் அழகாகப் பூர்த்தி செய்தான். ஊர் விவரம் எழுதிய தமிழ்ச் சீட்டைப் பாட்டி கொடுத்ததும் விழித்தான். "நல்லாப் பேசுவேன் சார், படிக்கத்தான் வராது" என்றான். அவன் குற்றமல்ல. தமிழில் ஒரு புத்தகத்தை அவன் கையில் யாரும் கொடுத்ததில்லை.

மும்பை மாநகராட்சி தமிழ்ப் பள்ளிகளும் நடத்துகிறது. எனினும், நம்மில் பலர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிறோம். பிழைக்க வந்த இடத்தில் அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் இரண்டு கோரிக்கை வைக்கலாமே! வாரம் ஒரு மணி நேரம், மார்க் இல்லாத வாசிப்பு வேண்டும். மராட்டி, ஆங்கிலப் புத்தகங்களோடு தமிழுக்கும் ஒரு தட்டு வேண்டும்.

தட்டை நிரப்புவது நம் கடமை. ஊரிலிருந்து திரும்பும்போது முறுக்கு டப்பாவுடன் நாலு சிறு புத்தகங்களும் வரட்டும். அடுத்த முறை பாட்டியின் சீட்டைப் பேரனே படித்துச் சொல்லட்டும்.